ஜல்லி போடவா, இப்படியே விட்டுரவா?

பாவூர்சத்திரத்தில் இருக்கும் என் மச்சினன் போன வாரம் தன் மாடல் ரயில் விஷயமாகப் போன் போட்டான். "அத்தான், லைன் எல்லாம் போட்டாச்சு. ரெண்டு வண்டியும் நல்லா ஓடுது. இனி ஜல்லி போடவா, இல்ல இப்படியே விட்டுரவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்லும்படி இருந்திருந்தால் நானே எட்டு அடிப் பலகை ஒன்றில் மூன்று வருஷத்தைப் போக்கியிருக்க மாட்டேன். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம். பேசியதில் பாதியை அவன் மறந்திருப்பான் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். மாடல் ரயில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

எங்கள் இருவரிடமும் இருப்பது வேறு வேறு சரக்கு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். என்னுடையது பாளையங்கோட்டை வீட்டு மாடி அறையில், சுவரோரமாக எட்டு அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம். 1903-ல் செங்கோட்டை வரை வந்து, 2012-ல் அகலப்பாதையாக மாறி முடிந்த பழைய மீட்டர்கேஜ் லைன்தான் கரு. கல்லிடைக்குறிச்சியில் கொஞ்சம், அம்பாசமுத்திரத்தில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்த, எந்த மேப்பிலும் இல்லாத ஒரு ஸ்டேஷன். 1-க்கு 87 அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மீட்டர்கேஜில் கம்பிக்குக் கம்பி இருக்கும் ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வரும், கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அகலப்பாதைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1,676 மி.மீ.-ஐ அதே அளவில் சுருக்கினால் 19 மி.மீ.-க்கு மேல் வர வேண்டும், அவர்கள் ஓட்டுவதோ 16.5 மி.மீ. கம்பியில். மச்சினன் வைத்திருப்பது 'என்' (N) அளவு, 1-க்கு 160, கம்பிக்குக் கம்பி 9 மி.மீ. நாலுக்கு இரண்டு அடி மேஜையில் ஒரு வளையம், வண்டியை ஒதுக்கி நிறுத்தும் கிளை லைனாக ஒரு சைடிங். இந்த வித்தியாசம் ஜல்லி விஷயத்தில் பெரிதாக வந்து நிற்கும்.

அதற்கு முன் ஒன்று. நிஜத் தண்டவாளத்துக்கு ஜல்லி எதற்கு என்று கேட்டால் இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளையும் இப்போது சொல்லும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அந்தப் பகுதியில் ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளமும் அதைத் தாங்கும் குறுக்குக்கட்டையான சிலீப்பரும் துணி காயப்போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. வண்டியின் பாரத்தை வாங்கிப் பரப்புவது, மழைத் தண்ணீரை வடியவிடுவது, வளைவில் லைன் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைப்பது எல்லாமே ஜல்லியின் வேலை. அது போனால் மிச்சம் இரண்டு கம்பிதான்.

மாடலில் நிலைமை நேர் எதிர். என் ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் கால் கிலோ கூட இல்லை. லைனைப் பிடித்திருப்பது ஆணியும் பசையும். மழை வந்தால் அது ஓட்டு ஒழுக்கு, லேஅவுட் பிரச்சினை இல்லை. ஆக, ஜல்லிக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. கண்ணுக்காக மட்டும் போடுவது. அதற்குக் கொடுக்கும் விலை, போட்ட லைன் போட்ட இடத்திலேயே இறுகிவிடும் என்பது. நிஜத்தில் ஜல்லி இல்லாமல் வண்டி ஓடாது, மாடலில் ஜல்லி போட்டதால் வண்டி ஓடாமல் போன கதை என்னிடமே இருக்கிறது. அதனால் மச்சினனிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: "போட்ட லைனை இனி மாத்த மாட்டேன்னு உனக்கு உறுதியா தெரியுமா?" அவன் சத்தமே காட்டவில்லை.

சரி, வெறுமனே விடுவதில் என்ன கெட்டுப்போகும்? ஓட்டத்தில் ஒன்றும் கெடாது. சொல்லப்போனால் ஜல்லி இல்லாத லைன்தான் நன்றாக ஓடும், பழுது பார்ப்பதும் சுலபம். கண்ணுக்கு மட்டும் உறுத்தும். பளபளக்கும் பிளாஸ்டிக் சிலீப்பர், அதன் அடியில் தக்கை நிறத்தில் கார்க் ஷீட், அதற்கும் அடியில் பிளைவுட். பக்கத்தில் எவ்வளவு அழகாகப் பனைமரம் நட்டு வைத்தாலும் பார்க்கிறவர் கண் அந்தப் பளபளப்பில்தான் போய் நிற்கும். ஆனால் இதில் பாதியைச் சரிசெய்ய ஜல்லி தேவையில்லை, பெயின்ட் போதும். கம்பியின் பக்கவாட்டில் துருப் பழுப்பு, சிலீப்பருக்கு மங்கிய சாம்பல் கலந்த மரநிறம், கார்க்குக்கு அழுக்குச் சாம்பல். மேல்முனையை மட்டும் துடைத்துவிட வேண்டும். ஒரு மாலை வேலை. நான் இதைச் செய்துவிட்டு ஏழெட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட ஜல்லி எங்கே என்று கேட்கவில்லை. சித்தப்பா கேட்டது வேறு, அவர் கதை பின்னால் வருகிறது.

ஜல்லி போடப் போகிறவர்களும் இந்தப் பெயின்ட் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். ஜல்லி போட்ட பிறகு கம்பியின் பக்கவாட்டில் தூரிகை ஓட்டுவது, கோலம் போட்ட பிறகு முற்றம் தெளிக்கிற கதை.

பெயின்டுக்கும் ஜல்லிக்கும் நடுவில் சில அரைகுறை வழிகள் உண்டு. ஒன்று உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற உப்புத்தாளை நாடாவாக வெட்டி, கார்க் மேல் ஒட்டி, அதன்மேல் லைனைப் போடுவது. சிலீப்பர் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் கல் நிரம்பிய மாதிரி இருக்காது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் பரவாயில்லை. செலவென்று ஒன்றுமில்லை, லைனை எப்போது வேண்டுமானாலும் பெயர்க்கலாம். குழந்தைகளோடு சேர்ந்து செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, ஜல்லி மாதிரியே அச்சுவார்த்த ஸ்பஞ்சு நாடா. லைனை அதில் பதித்துவிட்டால் சிலீப்பர் இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், சத்தமும் குறைவு. முதல் நாள் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் இதைப் போட்டிருந்தார். எட்டு வெயில் காலம் தாங்கியது. அதற்கப்புறம் விரல் பட்ட இடமெல்லாம் கேழ்வரகு மாவாக உதிர்ந்தது, வண்டிச் சக்கரத்தில் பசைப் பசையாக ஒட்டியது. நம் ஊர் வெயிலுக்கு ஸ்பஞ்சு ஆகாது என்பது என் முடிவு. குளிர்ந்த ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

மூன்றாவதாக, ஜல்லியை வெறுமனே கொட்டி ஒட்டாமல் விடுவது. பார்க்க அசலாக இருக்கும், வேண்டாம் என்றால் தூரிகையால் அள்ளிவிடலாம். ஆனால் திருநெல்வேலியில் மே மாதம் காற்றாடியை நிறுத்திவிட்டு யார் ரயில் ஓட்டுவது? ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் முடிந்தது. அம்மியையே பறக்கவைக்கும் காற்றுக்கு அரை மில்லிமீட்டர் மணல் எந்த மூலை? ஒரு மணல்மணி போய் இன்ஜின் பல்சக்கரத்தில் உட்கார்ந்தால் போதும், கடகடவென்று ஆரம்பித்துவிடும்.

இனி மச்சினன் கையில் இருக்கும் வழி. அவன் வாங்கியிருப்பது ஜப்பான் கேட்டோ கம்பெனியின் யூனிட்ராக். லைனும் அதன் அடியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் ஜல்லிமேடும் சேர்ந்தே வரும். ஒரு நேர்த்துண்டு 248 மி.மீ.; முனையோடு முனையைத் தள்ளினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கம்பி இணைப்பு ஒழுங்காக இருப்பதால் மின்சாரத் தகராறு இல்லை. சாப்பாட்டு மேஜையில் போட்டு ஓட்டிவிட்டு ராத்திரி பெட்டியில் அடுக்கிவைக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாற்றலாகிப் போகிற வேலையில் இருப்பவர்கள், இன்னும் லைன் எப்படிப் போக வேண்டும் என்று முடிவெடுக்காதவர்கள் இதைவிட்டு வேறொன்றைத் தேடவே வேண்டாம். குறை என்று பார்த்தால் இரண்டு. காசு அதிகம், அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அப்புறம் வளைவெல்லாம் அவன் கொடுத்த ஆரத்தில்தான். நிஜ லைன் மாதிரி மெல்ல மெல்லத் திரும்பாது. கேட்டோ இதை 'என்', 'ஹெச்ஓ' (1-க்கு 87, 16.5 மி.மீ. கம்பி) இரண்டிலும்தான் தருகிறது. என் 12 மி.மீ. மீட்டர்கேஜுக்கு அந்த யோசனைக்கே இடமில்லை. நான் வாங்கியது பீக்கோ கம்பெனியின் வளையும் தண்டவாளம், ஒரு கஜ நீளத் துண்டுகள்.

யூனிட்ராக் மேல் இன்னொரு கை வேலை செய்யலாம். அந்தப் பிளாஸ்டிக் மேட்டின் சரிவில் மட்டும் நிஜ மணலை ஒட்டி, மொத்தத்துக்கும் மங்கலாக ஒரு பழுப்பு பெயின்ட் அடித்தால் பொம்மைத்தனம் போய்விடும். ஆனால் ஒட்டிய துண்டுகளைப் பிறகு பிரிப்பது கஷ்டம். பிரிக்கத்தானே அதை வாங்கினோம்?

கடைசி வழிதான் எல்லோரும் ஜல்லி என்று சொல்வது: மணிமணியாகத் தூவி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி இறுக்குவது. இதை மட்டும் கொஞ்சம் விலாவரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் இதில்தான் குவிந்து கிடக்கிறது.

முதலில் மணியின் அளவு. நம் ரயில்வே ஜல்லி 65 மி.மீ. சல்லடையில் மிகக் கொஞ்சமே தங்க வேண்டும், 40 மி.மீ. சல்லடையில் ஏறக்குறைய பாதி தங்க வேண்டும், 20 மி.மீ.-க்குக் கீழே கிட்டத்தட்ட எதுவும் போகக் கூடாது. இதை 87-ஆல் வகுத்தால் பெரிய கல் முக்கால் மில்லிமீட்டர், சின்னது கால் மில்லிமீட்டர். அதாவது உப்புமா ரவை. 160-ஆல் வகுத்தால் பெரிய கல்லே 0.4 மி.மீ.தான், தூள் உப்பு. பாக்கெட்டில் விற்பதில் பல இதைவிடப் பெரிதாக இருக்கிறது. 'என்' அளவில் அதைப் போட்டால் லைன் ஓரமெல்லாம் பாறாங்கல் உருண்டு கிடக்கிற மாதிரி தெரியும். கம்பியின் உள்பக்கத்தில் ஒரு மணி ஒட்டிக்கொண்டால் சக்கர விளிம்பு அதில் இடித்து 'டிக் டிக்' என்று போகும். சின்ன அளவில் ஜல்லி போடுவது இந்த ஒரு காரணத்தாலேயே இரட்டிப்பு வேலை.

நான் பாக்கெட் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட் இரண்டு வாளி கேட்டு வாங்கினேன். கருங்கல்லை உடைத்துச் செய்தது என்பதால் மணி கூர்மையாக, ஜல்லி மாதிரியே இருக்கும். ஆற்று மணல் உருண்டு திரண்டு கிடக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். டீ வடிகட்டியில் விழுந்து மாவு சல்லடையில் தங்குவதுதான் எனக்கு வேண்டியது. (அந்தச் சல்லடை இப்போது மாடியில் இருக்கிறது. சமையலறைக்குப் புதிது வாங்கிக் கொடுத்தாயிற்று.) பிறகு நாலு தண்ணீர் விட்டு அலசி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட வேண்டும். அலசாமல் விட்டால் அதிலிருக்கும் தூசி பசையோடு சேர்ந்து சேறாகி மேலேயே தோல் கட்டிவிடும், பசை அடிவரை இறங்காது.

இன்னொரு சோதனையை நம் பக்கத்துக்காரர்கள் விடவே கூடாது. முதலில் நான் ஆசைப்பட்டது சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலுக்கு. அந்தச் செம்மண் நிறம் வேறெங்கே கிடைக்கும்? ஒரு டப்பா கொண்டுவந்து, பிளாஸ்டிக் பைக்குள் ஒரு காந்தத்தைப் போட்டு மேலாக ஓட்டினேன். பையில் கறுப்பாகத் தாடி முளைத்த மாதிரி மணி ஒட்டிக்கொண்டு வந்தது. உவரி கடற்கரை மணலைச் சொல்லவே வேண்டாம், இல்மனைட் என்ற இரும்பு உள்ள கனிமம் கலந்தது. இன்ஜின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, லைனிலிருந்து ஒரு அங்குலம்கூட உயரத்தில் இல்லை. இரும்பு கலந்த மணலை அதன் அடியில் பரப்பினால் ஒவ்வொரு மணியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். எம்-சாண்டிலும் கொஞ்சம் வரும். காந்தத்தை ஏழெட்டு முறை ஓட்டி, தாடி முளைப்பது நிற்கும்வரை எடுத்துவிட வேண்டும். தேரி மணலை லைனைவிட்டுத் தள்ளி, பனங்காட்டு ஓரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

தூவுவது சுகமான வேலை. ஒரு மீட்டருக்கு அரை டம்ளர் மணல் போதும். சின்னத் தூரிகையால் தள்ளித் தள்ளி, சிலீப்பர் மேல் ஒரு மணியும் இல்லாமல், இடைவெளியில் சிலீப்பர் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே நிற்கும்படி செய்ய வேண்டும். கம்பியை விரல் நகத்தால் தட்டினால் மிச்ச மணியும் இறங்கிவிடும். நேரம் போவதே தெரியாது.

பசை ஊற்றுவதுதான் சோதனை. உலர்ந்த மணல் மேல் ஃபெவிகால் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் முத்தாக உருண்டு நிற்கும், மணலையும் தூக்கிக்கொண்டு நகர்ந்து குழி பறிக்கும். அதனால் முதலில் ஈரமாக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரையோ மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டையோ தூரமாக இருந்து பனி மாதிரி தெளிக்க வேண்டும், பீய்ச்சக் கூடாது. நனைந்த மணலில் ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, அதிலும் ஒரு சொட்டு சோப்பு, ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். லைன் முழுக்கப் பால் கொட்டின மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், மறுநாள் தெளிந்துவிடும். நிறம் மட்டும் காய்ந்த மணலைவிட ஒரு படி கறுத்திருக்கும், அதைக் கணக்கில் வைத்து மணலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எட்டு அடிக்கு எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மூன்றாவது ஞாயிறு ஒரு பாயிண்டை, அதாவது வண்டியை லைன் மாற்றிவிடும் இடத்தை, மீட்கப் போனது. நடந்தது இதுதான். மெயின் லைனிலிருந்து பிரிந்து திரும்பச் சேரும் லூப் லைனின் பாயிண்ட் பக்கம் மணலைக் கவனமாகத்தான் வைத்தேன். ஆனால் பசைத் தண்ணீர் நான் வைத்த இடத்தில் நிற்கவில்லை. சிலீப்பருக்கு அடியில் மெல்லிய இடுக்கு வழியாகத் தானே ஊர்ந்து, பாயிண்டின் நாக்கை (நகரும் கம்பியை) இழுக்கும் குறுக்குத்தண்டுக்குக் கீழே போய்விட்டது. காலையில் வந்து பார்த்தால் பாயிண்ட் அசையவில்லை. அழுத்தினால் உடைந்துவிடும். வெந்நீர் விட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, மறுபடி வெந்நீர் விட்டு, மதியம் மூன்று மணிக்கு ஒருவழியாக நகர்ந்தது. அது வெறும் ஃபெவிகால் என்பதால் வெந்நீருக்கு இளகியது; வேறு வலுவான பசையாக இருந்தால் புதுப் பாயிண்ட் வாங்கியிருக்க வேண்டும். இப்போது என் பாயிண்டுகளில் குறுக்குத்தண்டைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ஜல்லியே கிடையாது. அடிப்பலகைக்கு அதே நிறம் அடித்து, விரல் நுனியில் கொஞ்சம் உலர்ந்த மணலை மட்டும் பெயின்டில் அமுக்கிவிட்டிருக்கிறேன். சொன்னால் ஒழியத் தெரியாது.

இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: சத்தம். சத்தத்தை வாங்கத்தான் 3 மி.மீ. கார்க் போடுகிறோம். ஃபெவிகால் இறுகியதும் கம்பி, மணல், கார்க், பலகை எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், பிளைவுட் பலகை மேளம் மாதிரி அதிரும். ஜல்லிக்கு முன் வண்டி 'சர்ர்' என்று போனது. ஜல்லிக்குப் பின் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற சத்தம். ரப்பர்ப்பால் பசை போட்டால் இறுகினாலும் இளகலாக இருக்கும், இவ்வளவு அதிராது. அமோனியா நெடியைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பலகைக்கு நான் அதைத்தான் போடப் போகிறேன்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கஜ நீளக் கம்பி 20 டிகிரி சூடேறினால் சுமார் 0.3 மி.மீ. நீளும். மார்கழியில் இடைவெளி இல்லாமல் முட்டிப் போட்ட இணைப்பு சித்திரையில் போக்கிடம் தேடும். ஜல்லி இல்லாத லைன் ஓரிரு ஆணியை நெம்பித் தப்பித்துக்கொள்ளும். பசையில் இறுகிய லைனால் அது முடியாது. மின்சாரத்தைப் பிரிக்க விட்ட இடைவெளியும் மூடிக்கொண்டால் ஷார்ட்டாகி வண்டி நின்றுவிடும். ஜல்லிக்கு முன் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒயர் பற்றவைத்திருக்கிறதா என்பதும் அப்போதே பார்க்க வேண்டியது.

இப்போது சித்தப்பா. அம்பாசமுத்திரம் பக்கம் மீட்டர்கேஜ் காலத்தில் லைனைப் பராமரிக்கும் கேங்கில் இருந்தவர். பீட்டர் என்ற கருவியைப் பிடித்து ஜல்லி இறுக்கிய கை. என் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையைக் காட்ட அழைத்துவந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மெயின் லைன் நல்லாத்தான் இருக்குல. சைடிங்குல எதுக்கு இவ்வளவு ஜல்லி?"

"கடைசிச் சைடிங் தவிர எல்லா லைனுக்கும் போட்டேன், சித்தப்பா."

"கூட்ஸ் ஷெட் லைன்ல ஏதுல ஜல்லி? இன்ஜின் கொட்டுன சாம்பலு, மண்ணு, புல்லு. சிலீப்பரே பாதி கண்ணுக்குத் தெரியாது. நல்ல ஜல்லிய அங்கன போட்டா இன்ஸ்பெக்டர் எங்கள உண்டு இல்லன்னு பண்ணிருப்பாரு."

எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர் சொன்னதில்தான் என் கேள்விக்கு விடையே இருந்தது. எட்டு அடியில் ஜல்லி நிஜமாகத் தேவைப்பட்டது பிளாட்பார்மை ஒட்டிய மெயின் லைனுக்கும் லூப்புக்கும்தான். சைடிங்குக்கு மெல்லிய மண்ணும் அடுப்புச் சாம்பலும் சிலீப்பர் மட்டத்துக்குப் பரப்பிவிட்டால் போதும். அதுதான் அசலும்கூட. வாய்க்கால் மேல் நான் வைத்திருக்கும் இரும்புக் கர்டர் பாலத்தில் ஜல்லியே வரக் கூடாது, சிலீப்பர் நேராகக் கர்டர் மேல் உட்காரும். பின்சுவருக்கு அப்பால், பார்க்கிறவர் கண்ணுக்குப் படாமல் வண்டிகளை நிறுத்திவைக்கும் இடத்துக்கு எதுவுமே வேண்டாம். அங்கே ஜல்லி போடுவது வெறும் கைப்பழக்கம். ஆக, முழுக்கப் போடுவதா வேண்டாமா என்று கேட்டதே தப்பு. லைனுக்கு லைன் விடை வேறு.

நிறமும் அப்படித்தான். நம் கருங்கல் ஜல்லி குவாரியிலிருந்து வந்த புதிதில் நீலச் சாம்பலாக இருக்கும்; ரெண்டு வருஷம் வண்டி ஓடினால் பிரேக் தூசியும் துருவும் படிந்து நடுவில் பழுப்பாகி, தோளில் (ஓரச் சரிவில்) மட்டும் சாம்பல் மிஞ்சும். மொத்தத்தையும் ஒரே சாம்பலாக விட்டால் நேற்றுப் போட்ட லைன் மாதிரி இருக்கும். 2012-ல் திறந்த அகலப்பாதையை மாடல் செய்பவருக்கு அது சரி, எனக்குச் சரிவராது. கொஞ்சம் பழுப்பு பெயின்டைத் தண்ணீராகக் கரைத்துக் கம்பிக்கு நடுவில் மட்டும் ஓடவிட்டேன்.

மச்சினனுக்குக் கடைசியில் சொன்னது: உன்னிடம் இருப்பது யூனிட்ராக், ஜல்லிமேடு ஏற்கெனவே இருக்கிறது, அளவோ சின்னது. மணலைக் கையில் எடுக்காதே. கம்பிக்குத் துரு நிறம் அடி, மேட்டுக்கு மங்கல் பெயின்ட் அடி, ஆறு மாதம் ஓட்டு. அதற்குள் லைனை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை என்றால் முன்பக்கச் சரிவுக்கு மட்டும் தூள் உப்பு அளவு மணல் போடலாம், நானே வந்து சலித்துத் தருகிறேன். பிரித்தாய் என்றால் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

"ஒரே வார்த்தையில சொல்லச் சொன்னேன், அத்தான்."

"இப்போ வேண்டாம்."

"அது ரெண்டு வார்த்தை."

சரிதான். என் பலகையிலும் ஒரு லைன் இன்னும் ஒட்டாமல் கிடக்கிறது. கூட்ஸ் ஷெட்டைத் தாண்டி நெல் மூட்டை ஏற்றும் மேடைக்குப் போகிற கடைசிச் சைடிங். சாம்பல் சலித்து டப்பாவில் தயாராக இருக்கிறது, சிரிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாயிண்டை ரெண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளினால் இன்னொரு வேகன் நிற்குமே என்று நாலு மாதமாக ஒரு யோசனை.